எனக்கும் தெற்குதான்

என் மனசில் பல வருஷமாக ஒரு ஆத்திரம் கிடக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். என் தம்பி கடலில் போனதை விசாரிக்க வந்த மூன்று பேர், "இரண்டு ரேடார் நிலையங்களும் தனித்தனியே பார்த்து ஒரே திசையைச் சொல்லியிருக்கின்றன, ஆகவே யார் மேலும் தவறில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். தனித்தனியேவாம். அந்த ஒரு வார்த்தை இன்றைக்கும் என் தொண்டையில் மீன்முள்ளாக நிற்கிறது. அது பொய் என்று அவர்கள் முகத்துக்கு நேரே எழுந்து நின்று சொன்ன ஒரே ஆள் என் அக்கா வீட்டுக்காரர். அவரைப் பற்றித்தான் எழுதுகிறேன். போய்ச் சேர்ந்த மனுஷன் என்பதற்காகப் புகழ்ந்து எழுத எனக்கு வராது. நான் படித்த படிப்பு ஐந்தாம் வகுப்பு. நடந்ததை எழுதுகிறேன்.

துறைமுகத்தில் அவருக்குப் பெயர் 'சந்தேகம்'. மேலாளர் முதல் கயிறு இழுக்கிறவன் வரை அப்படித்தான் கூப்பிட்டார்கள். "சந்தேகம் வந்தாச்சா?" "சந்தேகம் இன்னைக்கு லீவாம், தைரியமாப் போங்கடா!" என்று வாசலிலேயே கேலி நடக்கும். அவரும் கோபித்துக்கொள்ள மாட்டார். ஒல்லியான ஆள். முதுகு கொஞ்சம் வளைந்திருக்கும். காதில் எப்போதும் கண்ணாடிமேல் எழுதுகிற ஒரு கிரீஸ் பென்சில். டீ வாங்கினால் டீக்காரனிடம் "சர்க்கரை போட்டியா?" என்று கேட்பார். குடித்துப் பார்ப்பார். பிறகு பக்கத்தில் நிற்பவனிடம் டம்ளரை நீட்டி, "இதுல சர்க்கரை இருக்கா, பாரு" என்பார். பாதி டீ அப்படியே போய்விடும்.

அக்காவைக் கேட்டு வந்தபோதே ஆரம்பித்துவிட்டது. அவளிடம் தனியாக, "உனக்குச் சம்மதமா?" என்று கேட்டிருக்கிறார். அவள் சரி என்றாள். உடனே வெளியே வந்து, படகு எஞ்சினைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்த என்னிடம், "உங்க அக்காவுக்கு இதுல சம்மதமா?" என்றார். உள்ளேயிருந்து அக்கா, "ஏன், நான் சொன்னா நம்பமாட்டீங்களோ?" என்று கத்தினாள்.

"நம்புவேன். இன்னொரு ஆளும் சொல்லிட்டா நிம்மதியாத் தூங்குவேன்."

"இந்த ஆளோட நான் எப்படிடா தூங்குறது?" என்றாள் அக்கா. அப்படித்தான் அந்தக் கல்யாணம் முடிவானது.

துறைமுகத்தில் விளக்கு மாட்டும் வேலைக்குச் சேர்ந்தவர் அவர். ரேடார் அறையில் உட்கார்ந்திருந்தவன் வேறு நாட்டுக்குப் போய்விட்டான். இருட்டறையில் பொறுமையாக உட்காரக்கூடிய ஆள் யார் என்று தேடியபோது இவர் அகப்பட்டார். எனக்கு மீட்புப் படகு ஓட்டும் வேலை. அவர் வயர்லெஸ்ஸில் திசை சொல்வார், நான் போவேன். வீட்டில் மாமா, வேலையில் காதுக்குள் ஒரு குரல்.

அந்த ரேடாரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் மற்றது விளங்காது. சினிமாவில் காட்டுவதுபோலச் சுற்றுகிற தட்டு இல்லை. விலை மலிவு என்று வாங்கிப் போட்ட பலகை ரேடார். சுவர் மாதிரி நட்டுக்கொண்டு அசையாமல் நிற்கும். படகு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதைச் சரியாகச் சொல்லும். எந்தத் திசை என்பதில்தான் வில்லங்கம். ஒரே படகை மூன்று இடத்தில் காட்டும். மூன்றும் ஒரே தூரத்தில், ஒன்று தெற்கே, ஒன்று நேர் கிழக்கே, ஒன்று வடக்கே. மூன்றில் ஒன்று நிஜம், மற்ற இரண்டும் பேய். எது பேய் என்று அந்த ரேடாருக்கே தெரியாது.

அதனால்தான் இரண்டு ரேடார். ஒன்று அலைதடுப்புச் சுவரின் கோடியில். அதைப் பார்ப்பவர் மாமா. இன்னொன்று வடக்கே குன்றின் மேல். அதுவும் மூன்று புள்ளி காட்டும். ஆனால் இடம் வேறு, கோணம் வேறு என்பதால் அதன் பேய்கள் வேறு இடத்தில் விழும். இதன் மூன்றையும் அதன் மூன்றையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்தால் ஒரே ஓர் இடத்தில்தான் இரண்டும் ஒட்டும். அங்கேதான் படகு.

எனக்குப் புரியவில்லை என்று ஒரு நாள் சாப்பிடும்போது சொன்னேன். மாமா எச்சில் கையோடு எழுந்துபோய் அக்காவின் இரண்டு சீப்புகளை எடுத்து வந்தார். ஒன்று பெரிய பல், ஒன்று பேன்சீப்பு. ஒன்றின்மேல் ஒன்றை வைத்து விளக்குக்கு நேரே பிடித்தார்.

"எங்கடா பல்லும் பல்லும் நேரா நிக்குது?"

"இதோ, இங்க ஒரு இடத்துல."

"வேற எங்கயாவது?"

"இல்ல. மத்ததெல்லாம் முன்னப்பின்ன இருக்கு."

"அவ்வளவுதான். ஒரு சீப்பு பொய் சொல்லும். ரெண்டு சீப்பும் பொய் சொல்லும். ஆனா ரெண்டும் ஒரே பொய்யைச் சொல்லாது."

"சோத்துக் கையோட சீப்பைத் தொட்டா நான் நிஜமாவே பேயாயிடுவேன்" என்றாள் அக்கா. தம்பி சிரித்துச் சிரித்துப் புரையேறினான். எங்களில் கடைக்குட்டி அவன். வலைப்படகில் மூன்று பேரோடு வேலை. "மாமா, நான் கடல்ல எங்க இருக்கேன்னு உங்களுக்கு எப்பவும் தெரியுமா?" என்றான்.

"மூணு இடத்துல தெரிவ."

"அதுல நல்ல இடமாப் பார்த்து அக்காகிட்ட சொல்லுங்க."

இரண்டு நிலையப் படத்தையும் ஒட்டிப் பார்க்க ஒரு பெட்டி இருந்தது. குன்றிலிருந்து கேபிள் வழியாகப் படம் வரும், பெட்டி தானே ஒட்டி, நிஜத்தை மட்டும் திரையில் காட்டும். அந்தப் பெட்டி ஒரு மழைக்காலத்தில் புகைந்து போனது. புதிதாக வாங்குகிறோம் என்றார்கள். வாங்கவில்லை. "போன் இருக்குல்ல, கேட்டுக்குங்க" என்றார் மேலாளர். குன்றில் வயர்லெஸ் கிடையாது, செல்போனும் எடுக்காது. பழைய கறுப்புப் போன் ஒன்று, கடலோரமாகப் போகிற ஒரு ஒயர். அதன் பிறகு இரண்டு ரேடாரும் பேசிக்கொண்டது அந்த ஒயரில்தான். ரேடார் எங்கே பேசியது, மனுஷர்கள்தான் பேசினார்கள்.

குன்றில் இருந்தவர் முன்னே கப்பலில் சமையல் வேலை பார்த்தவர். நல்ல தொப்பை, நல்ல மனசு. எதற்கும் சிரிப்பார். பெட்டி போன ஆரம்பத்தில் ஒரு தடவை மாமா ஒரு திசையும் இவர் வேறு திசையும் சொல்லிவிட்டார்கள். உண்மையில் அப்படிச் சொல்வதற்குத்தான் இரண்டு பேர். மேலாளர் இருவரையும் கூப்பிட்டு, "ஆளுக்கொண்ணு சொன்னா நான் எதை எழுதுறது? நீங்க என்ன மாமியார் மருமகளா?" என்று எல்லார் முன்னாலும் வாங்கு வாங்கென்று வாங்கினார். மாமா அதைத் துடைத்துப் போட்டுவிட்டார். குன்றுக்காரர் துடைக்கவில்லை என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

அதற்கப்புறம் எத்தனையோ படகுகளை எடுத்து வந்தோம். மாமா சொன்ன இடத்தில் படகு இருக்கும். "சந்தேகம் சொன்னா சந்தேகமே இல்ல" என்று பேர் வந்தது. ஒவ்வொரு தடவையும் குன்றுக்குப் போன் போட்டுக் கேட்டுவிட்டுத்தான் சொல்வார். கேட்காமல் ஒரு நாளும் சொன்னதில்லை. அதைக் கண்ணால் கண்டவன் நான்.

தம்பியின் படகு போன நாள் மத்தியானம்வரை கடல் நன்றாகத்தான் இருந்தது. பிறகு காற்று திரும்பியது. சாயங்காலம் நெருங்கும்போது வயர்லெஸ்ஸில் அவன் குரல் வந்தது. "எஞ்சின் நின்னுடுச்சு. தண்ணி ஏறுது. நாங்க இருக்கிற இடம்..." அதோடு அறுந்தது. அவர்களுடைய பேட்டரி தண்ணீரில் போயிருக்க வேண்டும்.

நான் படகைக் கிளப்பினேன். என்னோடு இரண்டு பேர். துறைமுக வாயைத் தாண்டுவதற்குள் மாமா கூப்பிட்டார்.

"மாப்ளே, தெற்கு. குன்றுலயும் கேட்டுட்டேன். ரெண்டு பேருக்கும் தெற்குதான்."

ஓடுகிற படகாக இருந்தால் கொஞ்ச நேரம் பார்த்தே கண்டுபிடிக்கலாம். நிஜப் புள்ளி நேராகப் போகும், பேய்ப்புள்ளி நெளிந்து போகும். ஆனால் இது செத்த படகு, அசையாமல் மிதக்கிறது. மூன்று புள்ளியும் மூன்று ஆணி அடித்ததுபோல நின்றிருக்கின்றன. கிழக்கே கப்பல் போகும் தடம், அங்கே இருந்தால் கப்பல்காரர்கள் பார்த்திருப்பார்கள். தெற்கா, வடக்கா? அன்றைக்குக் காலையில் நீரோட்டம் தெற்கே இழுத்தது. யாராக இருந்தாலும் தெற்கு என்றுதான் நினைத்திருப்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். குன்றும் தெற்கு என்றதால் அது நினைப்பாக இல்லாமல் நிச்சயமாகிவிட்டது.

முழு வேகத்தில் போனேன். அலை படகைத் தூக்கித் தூக்கிப் போட்டது. சொன்ன தூரம் வந்ததும் வேகத்தைக் குறைத்துச் சுற்றினேன். ஒன்றுமில்லை.

"மாமா, இங்க யாரும் இல்ல."

"இன்னும் கொஞ்சம் இடப்பக்கம்."

போனேன்.

"இப்ப நீ அதுமேலதான் நிக்கிற, மாப்ளே."

"நான் நிக்கிற இடத்துல தண்ணிதான் மாமா இருக்கு."

 என் ஆட்கள் இருவரும் என்னைப் பார்க்காமல் கடலைப் பார்த்தார்கள். பிறகு மாமாவின் குரல் வந்தது. அது அவர் குரல் மாதிரியே இல்லை.

"வடக்க திருப்பு. வடக்க திருப்புடா!"

தெற்கிலிருந்து வடக்கே போவதென்றால் துறைமுகத்தைத் தாண்டி அந்தப் பக்கம் அவ்வளவு தூரம். எதிர்க்காற்று. நான் போய்ச் சேர்ந்தபோது வெளிச்சம் செத்துக்கொண்டிருந்தது. படகு கவிழ்ந்து அடிப்பாகம் தெரிந்தது. அதைப் பிடித்துக்கொண்டு ஒரே ஒரு ஆள் கிடந்தான். என் தம்பி இல்லை. படகுக்காரன்.

அவனை இழுத்துப் போட்டேன். உதடு நீலமாக இருந்தது. பேச வேண்டாம் என்றேன். அவன் கேட்கவில்லை.

"கொஞ்சம் முன்னாடி வரைக்கும் இருந்தாண்ணே. எனக்கு இந்தப் பக்கத்துலதான் பிடிச்சிக்கிட்டு இருந்தான்."

நான் விளக்கைப் போட்டுச் சுற்றிச் சுற்றி வந்தேன்.

"நீங்க துறைமுகத்தை விட்டு வெளிய வந்ததைப் பார்த்தோம். உங்க லைட்டு தெரிஞ்சிச்சு. அவன்தான் காட்டினான், எங்கண்ணன் வர்றான்னு. அப்புறம் நீங்க தெற்கால போயிட்டீங்க."

சில நாள் கழித்துத் தம்பி கரை ஒதுங்கினான். மற்ற இரண்டு பேரும் கிடைக்கவே இல்லை.

அடக்கம் முடிந்து வீட்டில் ஆட்கள் வந்துபோவது குறைந்ததும் மாமா என்னிடம், "குன்றுக்கு வரியா?" என்றார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. பஸ்ஸில் போய், படி ஏறினோம். அன்றைய புள்ளிகளைக் கிரீஸ் பென்சிலால் குறித்திருந்த கண்ணாடித் தாளைச் சுருட்டி அக்குளில் வைத்திருந்தார்.

குன்றுக்காரர் எங்களைப் பார்த்ததும் அழுதார். டீ போடட்டுமா என்றார். மாமா வேண்டாம் என்றார்.

"அன்னைக்கு உன் திரையில எத்தனை புள்ளிப்பா?"

"எப்பவும்போல மூணுதான்ணே."

"அந்தப் படம் இன்னும் மெஷின்ல இருக்கா? போடு."

போட்டார். மாமா தன் தாளைத் திரையின் மேல் விரித்து, ஓரங்களைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். தாளின் தெற்குப் புள்ளிக்கும் திரையின் தெற்குப் புள்ளிக்கும் நடுவே என் உள்ளங்கை அகலம் இடைவெளி இருந்தது.

"இது ஒட்டலையேப்பா."

"கிட்டத்தட்ட இருந்துச்சுண்ணே."

"வடக்க?"

குன்றுக்காரர் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். வடக்கே இருந்த இரண்டு புள்ளியும் ஒன்றின்மேல் ஒன்று உட்கார்ந்திருந்தன, ஒரே புள்ளி மாதிரி.

"இதை ஏன் எனக்குச் சொல்லல?"

"நீங்க கேக்கலையேண்ணே. 'எனக்குத் தெற்குல தெரியுது, உனக்கு?'ன்னு கேட்டீங்க. நானும் தெற்கைத்தான் பார்த்தேன். அங்கயும் ஒண்ணு இருந்துச்சு. எனக்கும் தெற்குதான்னு சொன்னேன். உங்களுக்குத் தெரியாததா எனக்குத் தெரிஞ்சிடப்போவுது?"

"இதுக்கு முன்னாடி எடுத்த படகெல்லாம்?"

"எல்லாமே நீங்க சொன்னதுதான்ணே. நான் ஆமாம்பேன். பெட்டி கெட்டுப்போனப்ப ஒரு தடவை மாத்திச் சொல்லி ரெண்டு பேரும் திட்டு வாங்கினோமே... அதுக்கப்புறம் எதுக்கு வம்புன்னு..."

எனக்கு அவர் சட்டையைப் பிடிக்கத் தோன்றியது. பிடித்தும்விட்டேன். மாமாதான் என் கையை எடுத்துவிட்டார். கோபமே இல்லை அவரிடம். தாளை மெதுவாகச் சுருட்டினார். கீழே இறங்கும்போது பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டார்.

"மாப்ளே, ரெண்டு பேர் பார்க்குறோம்னு நெனச்சேன். இத்தனை வருஷமும் நான் ஒருத்தன்தான் பார்த்திருக்கேன்."

"அந்தத் தடியன் பண்ணினதுக்கு நீங்க என்ன மாமா பண்ணுவீங்க?"

"இல்லடா. கேட்டதுல தப்பில்ல. சொல்லிட்டுக் கேட்டேன் பாரு, அதுதான் தப்பு."

விசாரணைக்கு ஒரு நீள மேசை போட்டிருந்தார்கள். மூன்று பேரும் நல்லவர்கள் மாதிரிதான் இருந்தார்கள். தண்ணீர் வேண்டுமா என்றெல்லாம் கேட்டார்கள். குன்றுக்காரர், இரண்டு நிலையமும் ஒத்துப்போனது என்றார். மேலாளரும் அதையே சொன்னார். மாமா எழுந்து, "ஒத்துப்போகலீங்க. ஒத்துப்போக வெச்சோம். நான் திரையைப் பார்த்தேன், அவர் என்னைப் பார்த்தாரு. அவ்வளவுதான் நடந்தது" என்றார்.

நடுவில் இருந்தவர், "ரெண்டு பேரும் தெற்குன்னு சொன்னது உண்மையா, இல்லையா?" என்று கேட்டார்.

"சொன்னது உண்மைங்க. பார்த்தது இல்ல."

"பெட்டி இல்லாத நிலைமையில போன்ல கேட்டுக்கறதுதானே நடைமுறை? கேட்டீங்களா இல்லையா?"

"கேட்டேன். ஆனா..."

"உட்காருங்க. இறந்தது உங்க மச்சினன். உங்க மனசு எங்களுக்குப் புரியுது."

மனசு புரிந்ததாம். மாமா தாளை எடுத்து மேசைமேல் விரிக்கப் போனார். மேலாளர் வந்து தோளில் கைவைத்து, "வாங்க, வெளிய காத்தாட உக்காரலாம்" என்று அழைத்துப் போய்விட்டார். பிறகு வந்ததுதான் நான் முதலில் சொன்ன தீர்ப்பு. மாமாவுக்குத் தண்டனை கொடுத்திருந்தால்கூட மனுஷன் தேறியிருப்பார். ஒரு வாரம் லீவு கொடுத்து, அதே நாற்காலியில், அதே போனுக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள்.

வீட்டில் அக்கா அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். சண்டை போடவில்லை. சோறு போடுவாள், துணி துவைப்பாள், பேச மாட்டாள். நான் போனால் என்னிடம், "அந்த ஆளு சாப்பிட்டாரான்னு கேளு" என்பாள். அவர் மூன்றடி தூரத்தில் உட்கார்ந்திருப்பார். "சாப்பிட்டேன்னு சொல்லு மாப்ளே" என்பார். நான் நடுவில் தபால்காரன் மாதிரி. ஒரு நாள் பொறுக்கமாட்டாமல், "அக்கா, மாமா என்ன வேணும்னேவா செஞ்சாரு?" என்றேன். அவள் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே சொன்னாள்: "அவர் என் பேச்சையே இன்னொருத்தன்கிட்ட கேட்டுத்தான் நம்புவாரு. என் தம்பி உசுருக்கு மட்டும் ஒரு ஆமாம் போதுமா இருந்துச்சா?" மாமா அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

வேலையில் அவர் கேட்கும் முறையை மாற்றிக்கொண்டார். தன் திசையைச் சொல்லாமல், "உனக்கு எங்க தெரியுது, முதல்ல நீ சொல்லு" என்பார். குன்றுக்காரர், "நீங்க முதல்ல சொல்லுங்கண்ணே" என்பார். "நீ சொல்லுப்பா." "இல்லண்ணே, நீங்க சொல்லுங்க." விருந்துக்கு வந்தவர்கள் கடைசித் துண்டை ஒருவருக்கொருவர் தள்ளுவதுபோலப் போய்க்கொண்டிருக்கும். என் தம்பி செத்ததற்கப்புறம் அந்த மனுஷருக்குப் பயம் கூடிப்போச்சே தவிர புத்தி வரவில்லை.

ஒரு காலை நான் ரேடார் அறையில் இருந்தேன். கப்பலைக் கூட்டிவரும் வழிகாட்டிப் படகு தெற்கே நின்றிருந்தது. நான் அதைக் கண்ணாலேயே பார்த்துவிட்டு வந்தவன். வானம் துடைத்து வைத்ததுபோல இருந்தது. மாமா என்னைப் பார்த்து உதட்டில் விரல் வைத்துவிட்டுப் போனை எடுத்தார்.

"ஏம்ப்பா, வழிகாட்டிப் படகு எனக்கு வடக்குல தெரியுது. உனக்கு?"

 போனிலிருந்து பதில் எனக்கே கேட்டது.

"எனக்கும் வடக்குதான்ணே."

மாமா போனை வைத்தார். சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் இனி யாரிடமும் பார்க்க வேண்டாம்.

அப்போதே என்னையும் இழுத்துக்கொண்டு மேலாளரிடம் போனார். நடந்ததைச் சொன்னார். பெட்டியை வாங்கிப் போடுங்கள், அதுவரை எங்கள் இரண்டு பேரையும் பேசவிடாதீர்கள் என்றார். மேலாளர் பேனா மூடியால் காது குடைந்துகொண்டே கேட்டார்.

"நீங்களே பொய் சொல்லி அந்த ஆளை மாட்டிவிட்டிருக்கீங்க. இது நியாயமா?"

"சார், நாளைக்கு ஒரு படகு..."

"இத்தனை வருஷமா ஒரு தடவைதானே தப்பாச்சு? போன் வேலை செய்யுதுல்ல? வேலை செய்யுறதை வெச்சிக்கிட்டு நான் எப்படிப் புதுசு கேக்குறது? மேல இருக்கறவன் சிரிப்பான்."

அன்றிலிருந்து மாமா எவனுக்கும் ஒரே திசை சொல்வதை விட்டுவிட்டார். வயர்லெஸ்ஸில் கேட்டால், "தெற்கு, கிழக்கு, வடக்கு, மூணு இடத்துல தெரியுது. எது நிஜம்னு எனக்குத் தெரியாது" என்பார். அது உண்மை. ஆனால் உண்மையை வைத்துக்கொண்டு எந்தப் படகுக்காரன் எங்கே போவான்? "யோவ் சந்தேகம், இதைச் சொல்றதுக்கு உனக்குச் சம்பளம் ஒரு கேடா?" என்று கடலிலிருந்தே வைதார்கள். மேலாளருக்குப் புகார் போனது. அவரைத் தூக்கிக் கயிறும் பெயிண்டும் அடுக்கி வைக்கிற கிடங்கில் போட்டார்கள். ரேடார் அறைக்குப் புது ஆள் வந்தார். கணீரென்ற குரல். ஒரே திசைதான் சொல்வார். கேட்கவே தெம்பாக இருக்கும். குன்றுக்குப் போன் போட்டு, "எனக்குக் கிழக்கு, உனக்கு?" என்று அவர் கேட்டதை நானே என் காதால் கேட்டேன். படகில் போகிறவன் நான். அவர் சொல்கிற திசையில் ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் மற்ற இரண்டு திசையையும் ஒரு தடவை பார்த்துக்கொள்வேன்.

மாமாவுக்கு வயிற்றில் கட்டி என்று தெரிந்தபோது கை மீறிப்போயிருந்தது. ஆஸ்பத்திரியில் முதல் டாக்டர் பார்த்துவிட்டுச் சொன்னார். மாமா இன்னொரு டாக்டர் பார்க்க வேண்டும் என்றார். இரண்டாவது டாக்டர் வந்து, கட்டில் காலில் தொங்கிய அட்டையை எடுத்துப் படிக்க ஆரம்பித்தார்.

"அதைப் பார்க்காம என் வயித்தைப் பாருங்க டாக்டர்."

"அவர் என்ன எழுதியிருக்கார்னு தெரிஞ்சாத்தானே..."

"அதான் வேண்டாங்கறேன்."

டாக்டருக்குக் கோபம் வந்துவிட்டது. அட்டையைப் படித்துவிட்டு, அதே வார்த்தையைச் சொல்லிவிட்டுப் போனார். மாமா என்னைப் பார்த்து, "எனக்கும் தெற்குதான்கறாரு" என்றார். சிரிக்கப் போய் இருமினார். இரத்தம் வந்தது.

அக்கா தினமும் வந்து கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்திருப்பாள். பிளாஸ்க்கில் வெந்நீர் கொண்டுவருவாள். ஒரு மத்தியானம் அவர் கால் குளிரில் மடங்கிக் கிடந்தது. அவள் போர்வையை உதறிக்கொண்டே, "காலை நீட்டுங்க" என்றாள். நேராக அவரிடம். அவர் என்னைப் பார்த்தார், நான் அதை அவருக்கு எடுத்துச் சொல்ல வேண்டும் என்பதுபோல. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். காலை நீட்டினார். அவள் போர்த்திவிட்டு மறுபடி உட்கார்ந்துகொண்டாள். 

நான் போய்ப் பார்த்த கடைசி நாள் வெளியே காற்று கிளம்பியிருந்தது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. மாமா தலையைத் திருப்பி அதையே கேட்டுக்கொண்டிருந்தார்.

"இன்னைக்கு வெளிய போவியா?"

"கூப்பிட்டா போகணும்ல மாமா."

"அந்தப் புது ஆளு இன்னும் சொல்லிட்டுத்தான் கேக்குறானா?"

"ஆமா."

"பெட்டி?"

"எங்க வாங்கினாங்க? போன்தான் இருக்கேங்கறாங்க."

கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டார் என்று நினைத்து எழுந்தேன். என் சட்டையைப் பிடித்து இழுத்தார். அந்தக் கையில் அவ்வளவு பலம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. அக்கா எழுந்து கிட்டே வந்து நின்றாள்.

"அந்தப் போன் இருக்கிற வரைக்கும் பெட்டி வராது, மாப்ளே. அலைதடுப்புச் சுவரு முடியற எடத்துல ரெண்டு ஒயர் கல்லுக்குள்ளேர்ந்து வெளிய வரும். தடிமனானது கரண்ட்டு, அதைத் தொட்றாதே. மெல்லிசா கறுப்பா இருக்கறதுதான் குன்றுக்குப் போற போன். அதை அறுத்துடு. வெறுமனே அறுத்தா ஒரே நாள்ல முறுக்கிக் கட்டிடுவானுங்க. ஒரு ஆள் நீளத்துக்கு வெட்டி எடுத்துக் கடல்ல போட்டுடு."